உண்மையைக் கடைசிக் காட்சியில் சொல்லவும்

நீதிமன்றத்தைப் பார்க்க ஜனங்கள் வருவதில்லை என்பது நீதிபதியின் நெடுநாள் மனக்குறை. வழக்கு உள்ளவன் வருவான். அவனும் தலையெழுத்தே என்று வந்து, பெஞ்சில் சாய்ந்த கையோடு தூங்கிப்போவான். வக்கீல்கள் பேசுவது வக்கீல்களுக்கே கேட்காது. எழுத்தர் வாசிப்பது எழுத்தருக்கே புரியாது. ஓய்வில்லாமல் உழைத்தது தலைக்கு மேலிருந்த மின்விசிறி ஒன்றுதான்.

இப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. முக்கால்வாசி ஒரே அறைக்குள், ஒரே வழக்கைச் சுற்றி நடக்கும். செய்யாத கொலைக்காகக் கூண்டில் நிற்கும் ஒரு மகன், அவனுக்காக வாதாடும் ஒரு வக்கீல், மூலையில் உட்கார்ந்து அழும் ஒரு தாய். கடைசியில் கதவு திறக்கும், யாரும் எதிர்பாராத சாட்சி வரும், பார்வையாளர் நடுவிலிருந்து நிஜக் கொலைகாரன் எழுந்து "நான்தான்!" என்று கதறுவான். தாய் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்வாள். சுபம்.

நீதிபதியின் மனைவி அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ இல்லறத்தில் அந்த அம்மாள் தன் கணவர் சொன்ன ஒரு வழக்கைக்கூட முழுசாகக் கேட்டது கிடையாது. வாதி பெயரைச் சொல்லும்போதே கொட்டாவி வந்துவிடும். நீதிபதிக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே விறுவிறுப்புக் குழு ஒன்றை அமைத்துவிட்டார்.

குழுவில் எல்லாம் பெரிய தலைகள். படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். டீயும் பிஸ்கட்டும் அரசாங்கச் செலவு. அறிக்கை வந்தது. அந்தப் படம் நம்மைக் கட்டிப்போடக் காரணம், அதில் உண்மையைக் கடைசிக் காட்சி வரை ஒருவரும் சொல்லாததுதான் என்று குழு கண்டுபிடித்திருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் இடைவேளைக்கு முன்பே தியேட்டர் காலி. அப்புறம், வக்கீல்கள் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசுகிறார்கள். சாட்சி தண்ணீர் குடித்தால் டம்ளர் நடுங்குகிறது. முக்கியமான கேள்விக்கு முன்னால் இடி இடிக்கிறது. கூண்டில் நிற்கும் பையன் நிரபராதி என்பதையும் குழு கவனிக்கத் தவறவில்லை. ஆனால் "விறுவிறுப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை" என்று அடிக்குறிப்பில் எழுதி முடித்துக்கொண்டது.

அதன்படி நீதிமன்றம் மாறியது. கூட்டம் வரத் தொடங்கியது. வாசலில் சோளப்பொரி விற்க ஒரு ஆளும் வந்து சேர்ந்தான். நீதி தழைத்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

இந்த மாற்றமெல்லாம் எட்டாத ஒரு ஜீவன் ஊரில் உண்டென்றால் அது பல் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான். டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது நோயாளியின் தாடையைத் தாங்கிப் பிடிப்பது, பிடுங்கியானதும் "கொப்பளிச்சுத் துப்புங்க" என்று டம்ளரை நீட்டுவது, இதுதான் அவர் வேலை. அடுத்தவர் வாய்க்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தே பழகியவருக்கு அதிலிருந்து வரும் பேச்சைப் பற்றி அதிகம் தெரியாது.

அவருடைய தங்கை புருஷன் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒருநாள் மத்தியானம் காணாமல் போனது. மோட்டார் இருந்த இடத்தில் மாப்பிள்ளையின் ஸ்பேனர் கிடந்தது. முந்தின வாரம் அங்கே வால்வு மாற்றப் போனபோது மறந்துவிட்டு வந்த ஸ்பேனர். போலீஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த மத்தியானம் மாப்பிள்ளை டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். கடைவாய்ப் பல் ஒன்று வருவேனா பார் என்று அடம் பிடித்ததில் பொழுதே சாய்ந்துவிட்டது. தாடையைத் தாங்கிப் பிடித்தவர் கம்பவுண்டர். டாக்டரம்மா அந்த வாரமே மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போய்விட்டதால், மாப்பிள்ளைக்குச் சாட்சி இவர் ஒருவர்தான்.

பல் பிடுங்கிய இடத்தில் தையல் போட்டிருந்தது. லாக்கப்பில் யார் அதைப் பிரிப்பார்கள், யார் மருந்து கொடுப்பார்கள்? தங்கை பார்க்கப் போனபோது புருஷனின் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. "சீழ் பிடிச்சா காது வரைக்கும் போயிடும், அதுக்கப்புறம் உசுருக்கே ஆபத்தாயிடும்மா" என்று கம்பவுண்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கை அன்றிலிருந்து சாப்பிடவில்லை.

"நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லிடறேன். விட்டுடுவாங்க" என்றார் அண்ணன்.

நீதிமன்ற வாசலில் எழுத்தர் அவரை மடக்கினார்.

"நீங்க யாரு?"

"சாட்சிங்க."

"எந்த மாதிரி சாட்சி? தடுமாறுற சாட்சியா, பல்டி அடிக்கிற சாட்சியா, கடைசி நிமிஷத்துல கதவைத் திறந்துட்டு வர்ற சாட்சியா?"

"உண்மையைச் சொல்ற சாட்சிங்க."

"அதான் கேக்கறேன், கடைசி நிமிஷமா?"

"இல்லைங்க, இப்பவே சொல்லிடறேன்."

எழுத்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தடுமாறுகிற சாட்சி என்று எழுதிக்கொண்டார்.

கூண்டில் ஏறினார் கம்பவுண்டர். எதிர்க் கூண்டில் மாப்பிள்ளை உப்பிய கன்னத்தோடு நின்றார். மாப்பிள்ளைக்காகக் கோர்ட்டே நியமித்த வக்கீல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஊரில் அவருக்கு நடை வக்கீல் என்று பெயர். நடையில் மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டென்று திரும்பினார்.

"இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரருங்க. மோட்டார் காணாம போன மத்தியானம் பூரா எங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. நான்தான் தாடையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவரு எடுக்கலைங்க."

பின்வரிசையில் ஒருவர், "சே, அவ்வளவுதானா?" என்று எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"குடியைக் கெடுத்தீங்களே!" என்று பல்லைக் கடித்தார் நடை வக்கீல். "இதுக்கு மேல நான் எதுக்கு நடக்கறது?"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "சாட்சி இப்போது சொன்னது குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. சபையோரும் அதை மறந்துவிட வேண்டும்" என்றார். பிறகு கூண்டின் பக்கம் குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது மாதிரி அன்பாகச் சொன்னார்: "ஐயா, உண்மை எங்கயும் ஓடிடாது. அது பாட்டுக்கு இருக்கிற இடத்துல இருக்கும். ஜனங்க அப்படியா? ஒரு தடவை எழுந்து போனா திரும்பி வர மாட்டாங்க. நான் யாரைப் பிடிச்சு வைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"மாப்பிள்ளையை விட்டுடுங்கய்யா. கன்னம் வீங்கியிருக்கு."

"பாத்தேன், பாத்தேன். நல்லா வந்திருக்கு."

கம்பவுண்டருக்கு அது புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பிடுங்கிய பல்லை நோயாளியிடமே கொடுத்துவிடுவது டாக்டரம்மாவின் வழக்கம்; வீட்டில் இருந்ததைத் தங்கையிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். "இதோ அந்தப் பல்லுங்க. அவரு வாயில வெச்சுப் பாருங்க, பொருந்தும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அரசு வக்கீலும் எட்டிப் பார்த்தார். இருவரும் கலந்து பேசினார்கள்.

"ரொம்பச் சின்னதா இருக்கு. பின்வரிசைக்குத் தெரியாது. படத்துல ஒரு கோடாலியைத் தூக்கிக் காட்டறாங்க, பாத்திருப்பீங்க. இதைவிடக் கொஞ்சம் பெருசா ஏதாவது இருக்கா?"

"மனுஷப் பல்லு இவ்வளவுதாங்க இருக்கும்."

"அப்ப கஷ்டம்தான்" என்று வருத்தத்தோடு வாய்தா போட்டார் நீதிபதி.

மத்தியான இடைவேளையில் அரசு வக்கீல் கம்பவுண்டரைத் தேடி வந்து தாமாகவே டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். மாப்பிள்ளையைக் கள்ளன், கயவன், சமுதாயத்தின் சாக்கடை என்று காலையில் திட்டிய அதே வாயால் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"வருத்தப்படாதீங்க. உங்க மாப்பிள்ளை திருடலைன்னு எனக்கும் தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏங்க அப்படித் திட்டினீங்க?"

"தெரியாம திட்டறது யாராலயும் முடியுமே. தெரிஞ்சும் திட்டறேன் பாருங்க, அதுதாங்க திறமை."

கம்பவுண்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். ஊரில் எத்தனையோ சொத்தைப் பல்லை முகம் சுளிக்காமல் பார்த்தவர் அவர். முதல் தடவையாக முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாய்தாவில் ஒரு விஷயம் நடந்தது. கன்னம் இன்னும் பெரிதாகி, மாப்பிள்ளையால் வாயைத் திறக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்று தங்கை மனுப் போட்டிருந்தாள். விறுவிறுப்புக் குழுத் தலைவரோடு கலந்து பேசி நீதிபதி அதை நிராகரித்தார். "போன வாய்தாவுல வீங்கியிருந்த கன்னம் இந்த வாய்தாவுல வத்திப்போனா ஜனங்க குழம்பிடுவாங்கம்மா. தொடர்ச்சின்னு ஒண்ணு இருக்கில்ல? கடைசி நாள் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அந்த முகத்தைப் பாத்தே போன தடவை முன்வரிசையில ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க" என்றார்.

அப்போதுதான் பார்வையாளர் நடுவிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். தண்ணீர் நிலையத்து வாட்ச்மேன். முதுகைச் சொறிந்துகொண்டே பேசினான்.

"ஐயா, அவரை விட்டுடுங்க. மோட்டாரை எடுத்தது நான். கழட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன். இப்ப எங்க தெருவுக்கும் தண்ணி வரலை. வீட்டுல பேச்சு தாங்க முடியலை. என்னைப் பிடிச்சுக்கங்க, போதும்."

தங்கை அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, முடிஞ்சுதுண்ணா" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

நீதிபதியோ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "இப்படியா சொல்றது? பஸ்ஸுல டிக்கெட் கேக்கற மாதிரி!"

"வேற எப்படிங்க சொல்லணும்?"

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே! இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எந்தத் திருடன் வேண்டுமானாலும் சாதாரணமாக வந்து, உண்மையைச் சொல்லிவிட்டு, ஜெயிலுக்குப் போய்விடுவான். நீதிமன்றத்துக்கு என்ன மரியாதை? நமக்கெல்லாம் இங்கே என்ன வேலை?"

அதிலிருந்த நியாயம் எல்லாருக்கும் பட்டது. நடை வக்கீல்கூட ஒரு நடை நடந்துவிட்டுத் தலையாட்டினார். வாட்ச்மேனைக் கதறல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீதிமன்றத்துக்குப் பின்னால் பழைய நாற்காலிகள் போட்டு வைக்கும் அறையில் பயிற்சி நடந்தது. "நான்தான்!" என்பதை அடிவயிற்றிலிருந்து கொண்டுவர வேண்டும். கையை நீட்டி, விரலை விரித்து, முழங்கால் மடிய விழ வேண்டும். வாட்ச்மேன் எத்தனை தடவை சொன்னாலும் அது கூப்பிட்டதற்கு வந்த பதில் மாதிரியே இருந்தது. "மனசுல குத்த உணர்ச்சி இருந்தாதானே வரும்?" என்று அலுத்துக்கொண்டார் பயிற்சி கொடுத்தவர். மனசில் இருந்ததை அவன் கோர்ட்டில் எழுந்தபோதே கொட்டிவிட்டான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் தாய்ப் பிரச்சினை வந்தது. மாப்பிள்ளைக்குத் தாய் கிடையாது, சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். "பெண்டாட்டி இருக்காங்களே" என்று எழுத்தர் எடுத்துக் கொடுத்தார். படத்தில் பெண்டாட்டி இல்லை என்று குழு மறுத்துவிட்டது. ஆனால் இதற்கெல்லாம் முன்யோசனையோடு கோர்ட்டே ஒரு தாயை நியமித்து வைத்திருந்தது. ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள். நரைத்த தலை, கையில் எப்போதும் ஈரக் கைக்குட்டை.

அந்த அம்மாள் மாப்பிள்ளையைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்லவேளை, இந்தப் பையன் குள்ளம். போன கேஸ்ல ஒருத்தன் பனைமரம் மாதிரி இருந்தான். கட்டிப் பிடிச்சதுல எனக்குக் கழுத்துச் சுளுக்கிக்கிச்சு" என்றார்.

தங்கைக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டாள்.

"நானும் அந்தப் படம் பாத்தவதான்யா! நீங்க யாரும் அதைப் பாக்கவே இல்லை. நீங்க நடையைப் பாத்தீங்க, இடியைப் பாத்தீங்க. அந்தப் பையனைத் தூக்குல போட்டுடுவாங்களோன்னு அந்த ரூம்ல அந்த வக்கீலுக்கு உள்ளூர உதறல். ஒவ்வொரு சாட்சி பேசும்போதும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டான், ஒரு வார்த்தையில உசுரு பிழைச்சுடாதான்னு. அந்தப் பயம்தான்யா எங்களையும் பிடிச்சுக்கிச்சு. இங்க யாரு பயப்படறீங்க? யாரு கேக்கறீங்க? எங்கண்ணன் முதல் நாளே சொன்னாரு. திருடினவனே எழுந்து சொன்னான். உங்களுக்குக் காது எதுக்கு?"

நீதிபதி மூக்கை உறிஞ்சினார். கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். கம்பவுண்டருக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. என்ன இருந்தாலும் மனுஷன்தானே.

"அற்புதம்மா" என்றார் நீதிபதி. "இதை இப்ப சொல்லி வீணாக்கிட்டீங்களே! கடைசி நாளுக்கு வெச்சிருக்கலாம். பரவாயில்லை. எழுத்தரே, எழுதிக்கிட்டீங்களா? அந்த 'யாரு பயப்படறீங்க'வுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விடணும். இடி அங்கதான் வரணும்." பிறகு ஏதோ தோன்றி, "இதைத் தாயார் சொன்னா இன்னும் எடுபடும்" என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

கம்பவுண்டருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, அதற்கும் அங்கே இடமில்லை. சுவரெங்கும் துப்பக் கூடாது என்று எழுதியிருந்தது.

கடைசி நாள் வந்தது. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். நீதிபதியின் மனைவி முன்வரிசையில் இருந்தார். கம்பவுண்டரைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, விளக்கு அணைந்து எரிந்ததும் உள்ளே வர வேண்டும், ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருந்ததைக் காலையில் வேனிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட்டார். கண் செருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. நடை வக்கீல் நடந்தார். சேவகர் தகரத்தை ஆட்டி இடி இடித்தார். கதவு திறந்தது, கம்பவுண்டர் முதல் நாள் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். ஆகா என்று கூட்டம் மூச்சை இழுத்தது. வாட்ச்மேன் எழுந்து விரலை விரித்து "நான்தான்!" என்று கதறி விழுந்தான். விழுந்ததில் முழங்கால் நிஜமாகவே பெயர்ந்து அவன் போட்ட இரண்டாவது சத்தம்தான் எல்லாரையும் உலுக்கியது. டைப்பிஸ்ட் அம்மாள் தங்கையின் வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, குறுக்கே நின்ற தங்கையை ஒதுக்கித் தள்ளி ஓடிப்போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். வீங்கிய கன்னத்தில் தலை இடித்தது. மாப்பிள்ளை "அம்மா!" என்று அலறினார். அதுபோல ஒரு நடிப்பை அந்தக் கோர்ட்டு பார்த்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. நீதிபதியின் மனைவி எழுந்து நின்று தட்டினார். நீதிபதி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுத்தியலை ஓங்கித் தட்டி உள்ளே போனார். விளக்குகளை அணைத்தார்கள்.

கம்பவுண்டர் கூண்டுக்கு ஓடினார். "வாங்க மாப்பிள்ளை, என் தோளைப் பிடிச்சுக்கங்க" என்று கையை நீட்டினார். அந்தக் கையை விலக்கிவிட்டுக் காவலர் மாப்பிள்ளைக்கு விலங்கு மாட்டினார்.

"என்னங்க இது? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே!"

"விடச் சொல்லி எனக்கு உத்தரவு வரலையே" என்றார் காவலர்.

கம்பவுண்டர் எழுத்தரிடம் ஓடினார். எழுத்தர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் அவருக்கே குழப்பமாகிவிட்டது.

"படத்துல அம்மா வந்து கட்டிப் பிடிச்சதும் முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் அந்தப் பையனை என்ன பண்ணாங்கன்னு காட்டலையே."

"இந்தப் படத்தைப் பாக்கறதுக்கு முந்தி என்னய்யா பண்ணுவீங்க?"

"அது பழைய முறை. இவரை விடுதலை பண்ணுங்கன்னு ஐயா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுவாரு."

"அதையே போடச் சொல்லுங்களேன். உங்க கால்ல விழறேன். காய்ச்சல் கொதிக்குது அவருக்கு."

எழுத்தர் உண்மையாகவே பரிதாபப்பட்டார். "கையெழுத்துப் போடறதை யாருங்க வந்து பாப்பாங்க?" என்றார்.

வெளியே வேனில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற முடியாமல் அவர் படியிலேயே சரிந்தார், இரண்டு பேர் உள்ளே இழுத்துப் போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். தங்கை அந்தக் கதவைக் கையால் அடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினாள். வேன் வளைந்து தெருவில் இறங்கியதும் நடுச்சாலையில் உட்கார்ந்து அழுதாள்.

உள்ளேயிருந்து கூட்டம் கலைந்து வந்துகொண்டிருந்தது. கையில் மிச்சச் சோளப்பொரியோடு வந்த ஒருவர் அவளைப் பார்த்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. குனிந்து, ஆறுதலாக அவள் தோளைத் தொட்டார்.

"அழாதேம்மா" என்றார். "அதான் கடைசியில நல்லபடியா முடிஞ்சிடுச்சே."